பெயரற்ற சிப்பாயும் நீத்தார் கடனும்

தமிழில் 'கடன்' என்னும் சொல், திருப்பித் தர வேண்டிய பொருளையும் செய்தே தீர வேண்டிய செயலையும் ஒருசேரக் குறிக்கிறது. இறந்தோருக்குச் செய்யும் சடங்கை 'நீத்தார் கடன்' என்று வழங்கும்போது இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரமும் இல்லறத்தான் பேண வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, முதலில் வைத்தே எண்ணுகிறது. எனினும் கடன் என்று ஒன்று இருக்குமானால் அதைப் பெற்றுக்கொள்பவர் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்பதால், இறந்தவர் எதையும் பெற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை என்று கருதுவோருக்கு இச்சொல்லே ஒரு புதிராகிவிடுகிறது. போர்க்களத்தில் காணாமற்போய், உடலும் கிடைக்காமல், புதைத்த இடமும் தெரியாமல் மறைந்த ஒரு சாதாரணச் சிப்பாயின் வாழ்வை நூறாண்டு கழித்து ஆவணக் காப்பகங்களில் தேடி எடுக்க முற்படுவோரிடம் இப்புதிர் இன்னும் கூர்மையாகிறது. அவரை நேரில் அறிந்திருந்த எவரும் உயிரோடு இல்லாதபோது, அவருக்காக அழுத கடைசிக் கண்ணும் மூடிவிட்டபோது, அந்தத் தேடல் யாருக்குச் செலுத்தப்படும் கடன் என்பதே இங்கு எழும் கேள்வி.

முதலில், ஒருவர் எவ்வாறு தொலைந்துபோகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர் ஒவ்வொருவரும் தம் பெயர், எண், படைப்பிரிவு, சமயம் ஆகியவை பொறித்த அடையாளத் தகடு ஒன்றைக் கழுத்தில் அணிந்திருந்தனர். ஒருவர் இறந்ததும், இறப்புக்குச் சான்றாக அத்தகட்டைக் கழற்றித் தலைமையிடத்திற்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால், இறப்பு முறையாகப் பதிவாயிற்றே தவிர, இறந்த உடல் அடையாளமின்றி மண்ணுக்குள் சென்றது. சான்றைக் காப்பாற்றச் சென்று சான்றுக்குரியவரை இழந்த இந்த வினோதம் 1916 செப்டம்பர் வரை நீடித்தது. அதன்பிறகே உடலோடு விட்டுவைக்க எண்கோண வடிவில் பச்சைத் தகடு ஒன்றும், எடுத்துச் செல்ல வட்ட வடிவில் சிவப்புத் தகடு ஒன்றும் வழங்கப்பட்டன. புதைத்த இடத்திலேயே மீண்டும் குண்டுமழை பொழிந்ததால் முறையாக அடக்கம் செய்யப்பட்டவர்களும் காணாமற்போனார்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 1927-இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்களும், பிரான்சின் தியெப்வால் நினைவகத்தில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்களும் பொறிக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம். அவை அனைத்தும் கல்லறை அறியப்படாதவர்களின் பெயர்கள். உடல் தொலைந்தது போதாதென்று, 1940 செப்டம்பரில் இலண்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் போர் அலுவலகத்தின் ஆவணக் கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது, முதல் போரில் பணியாற்றிய சிப்பாய்களின் பணிப்பதிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அழிந்தன. ஒரு போரில் இறந்தவரை அடுத்த போர் மறுமுறை அழித்தது எனலாம்.

உடல் இல்லாத இறப்பு சமயங்களை எப்போதுமே இடர்ப்படுத்தி வந்திருக்கிறது, ஏனெனில் சடங்கு என்பது ஓர் உறுதியின்மேல் நிற்கும் செயல். இறந்தாரா இல்லையா என்பது தெரியாதவரை அதைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. இந்து தருமநூல் மரபு இதற்கு ஒரு வழி வகுத்தது. வெளியூரில் மறைந்து செய்தியே இல்லாமற்போனவருக்காகப் பெரும்பாலும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் பலாச இலைகளாலும் தருப்பையாலும் மனித வடிவில் ஓர் உருவம் செய்து, அதையே உடலாகக் கொண்டு எரியூட்டி, ஏனைய கருமங்களைச் செய்யலாம் என்பது அதன் விதி. மரபில் 'பர்ணநரன்', அதாவது இலையால் ஆன மனிதன், என்று வழங்கப்படும் இவ்வுருவத்தில் எந்த உறுப்புக்கு எத்தனை இலைத்தண்டு என்ற கணக்கும் உண்டு. இதைவிட வியப்பானது, இவ்வாறு எரியூட்டப்பட்டவர் உயிரோடு திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கான விதி: அவரைப் புதிதாகப் பிறந்தவராகவே கருதி, பிறந்த குழந்தைக்குச் செய்யும் சாதகருமம் முதலான சடங்குகளை மீண்டும் செய்து, தம் மனைவியையே மறுமுறை மணக்கச் செய்ய வேண்டும். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், உரோமானியரின் பழக்கவழக்கங்களைப் பற்றிய தம் நூலில், அயல்நாட்டில் இறந்ததாகத் தவறாக அறிவிக்கப்பட்டுத் திரும்பியவர்கள் வீட்டு வாயில் வழியே நுழையக் கூடாது, கூரை வழியே இறங்க வேண்டும் என்ற வழக்கத்தைக் குறிப்பிட்டு, கிரேக்கத்தில் அத்தகையவர்கள் பச்சிளங்குழந்தையைப்போலக் குளிப்பாட்டப்பட்டுத் துணியில் சுற்றப்பட்டதையும் சொல்கிறார். ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே முடிவுக்கு வந்திருப்பது, சமூகம் ஒருவரை இறந்தவராக எண்ணிவிட்டால் அவர் மூச்சு விடுவது மட்டும் அவரை மீட்கப் போதாது என்பதைக் காட்டுகிறது.

யூத, இசுலாமியச் சட்டங்களில் இந்தக் கவலை இறந்தவரைவிட எஞ்சி நிற்கும் மனைவியைச் சுற்றியே அமைகிறது. கணவனின் இறப்பு உறுதிப்படாததால் மறுமணம் செய்துகொள்ள இயலாத பெண்ணை யூத மரபு 'அகுனா', அதாவது கட்டுண்டவள், என்கிறது. கரை காண முடியாத நீரில் வீழ்ந்தவனின் மனைவிகூட எளிதில் விடுவிக்கப்படுவதில்லை, ஏனெனில் அவன் கண்ணுக்குத் தெரியாத வேறொரு கரையில் ஏறியிருக்கலாம். இசுலாமியச் சட்டம் இருப்பிடம் அறியப்படாதவரை 'மஃப்கூத்' என்று பெயரிட்டு, எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதில் பிரிவுக்குப் பிரிவு வேறுபடுகிறது. மாலிக்கி பிரிவு கூறும் நான்கு ஆண்டுக் கணக்கையே இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டமோ சமயம் எதையும் பாராமல், ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லையென்றால், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று வைத்தது. எல்லா மரபுகளும் ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு காத்திருப்புக்கு ஒரு வேலி இடுகின்றன. எனினும் அந்த வேலி வாழ்பவர்களுக்காகப் போடப்பட்டது. மறைந்த சிப்பாய்க்குச் செலுத்த வேண்டியது எது என்பதை அது தொடவில்லை.

மெய்யியலாளர்கள் அதைத் தொட்டிருக்கிறார்கள், ஆனால் ஒருமித்த விடை கிடைக்கவில்லை. எபிகூரஸ் என்ற கிரேக்க அறிஞர், நன்மையும் தீமையும் உணர்வைப் பொறுத்தவை என்பதாலும் இறப்பு உணர்வின் முடிவு என்பதாலும் இறந்தவருக்கு எதுவும் நேர்வதில்லை என்று முடித்துவிட்டார். அவர் வழியில் சென்றால் பெயரை மறப்பதும் நினைப்பதும் இறந்தவருக்கு ஒன்றே. அரிஸ்டாட்டில் அவ்வளவு உறுதியாக இல்லை. சந்ததியினருக்கு வரும் நன்மை தீமைகள் மறைந்தவர்களை எட்டுமோ என்று கேட்டு, எட்டினாலும் மிகச் சிறிதளவே எட்டும் என்று தயங்கிய விடை ஒன்றைத் தருகிறார். இருபதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பிட்சர் என்ற மெய்யியலாளர் இச்சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார். இறந்தவருக்குத் தீங்கிழைப்பது என்றால் சாம்பலுக்கோ எலும்புக்கோ தீங்கிழைப்பதன்று, ஒரு காலத்தில் உயிரோடிருந்து விருப்பங்களும் மானமும் உறவுகளும் கொண்டிருந்த அந்த மனிதருக்குத் தீங்கிழைப்பது என்பது அவர் வாதம். ஒருவர் தம் வாழ்நாளில் எதை நம்பிச் செயல்பட்டாரோ அதை அவர் இறந்தபின் பிறர் பொய்யாக்கினால், அந்த வாழ்வே பொய்த்த நம்பிக்கையின்மீது நடந்த வாழ்வாகிவிடுகிறது. தம் ஊரும் தம் படையும் தம்மை மறக்கமாட்டா என்று நம்பிப் போன சிப்பாயின் நிலைக்கு இவ்வாதம் பெரிதும் பொருந்துகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் கீர்க்ககார்ட் 1847-இல் வெளியிட்ட அன்பின் செயல்கள் பற்றிய நூலில், இறந்தவரை நினைப்பதே தன்னலம் அற்ற அன்பின் சோதனை என்று எழுதினார், ஏனெனில் இறந்தவர் எதையும் திருப்பித் தர முடியாது, வற்புறுத்தவும் முடியாது. நெருங்கிய உறவினர்க்கு இது பொருந்துகிறது. முகமே அறியாத சிப்பாய்க்கும் பொருந்துமா என்பது ஐயம். இசுரேலிய மெய்யியலாளர் அவிசாய் மார்கலித் 2002-இல் வெளியான தம் நினைவறம் பற்றிய நூலில், தம் கீழ் இருந்து மடிந்த இளம் படைவீரர் ஒருவரின் பெயரை மறந்துபோன அதிகாரியையும், அதனால் எழுந்த பொதுச் சீற்றத்தையும் எடுத்துக்கொண்டு, குடும்பம், ஊர், நாடு போன்ற நெருங்கிய உறவுகளில் மட்டுமே நினைக்கும் கடமை உண்டு, மனிதர் என்ற பொதுவான மெல்லிய உறவில் அது பெரும்பாலும் இல்லை என்று பிரித்துக் காட்டினார். இப்பிரிவு தெளிவானது, ஆனால் ஒரு பேரரசின் படையில் சேர்ந்து கடல் கடந்து மடிந்தவரை அது எங்கே வைக்கும் என்று கேட்டால் தடுமாறுகிறது: அவரை அனுப்பிய அரசு இன்று இல்லை, அவர் பிறந்த நாடு அவர் போர்க்கோலத்தைத் தன்னுடையதென ஏற்க நெடுங்காலம் தயங்கியது, அவர் மடிந்த நாட்டுக்கு அவர் படையெடுத்து வந்த அந்நியர்.

இந்தத் தடுமாற்றத்திற்கு எதிராக ஓர் அமைப்பு தெளிவான கொள்கையை முன்வைத்தது. பேபியன் வேர் என்பவரின் முயற்சியால் 1917 மே மாதத்தில் அரச சாசனம் பெற்ற பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம், இறந்த ஒவ்வொருவரும் கல்லறையிலோ நினைவகத்திலோ பெயரால் குறிக்கப்பட வேண்டும் என்றும், பதவி, இனம், சமயம் என எந்த வேறுபாடும் கல்லில் தெரியக் கூடாது என்றும் அறிவித்தது. 1918-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் பிரெடரிக் கென்யன் அளித்த அறிக்கை இக்கொள்கைக்கு உருவம் கொடுத்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். வசதி படைத்த குடும்பங்கள் உடலைத் தாயகம் கொண்டுவர முடியாதபடி ஏற்கெனவே தடை இருந்தது. 1920-இல் நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்துப் பேசியவர்கள், தம் மகனின் கல்லறையில் தாம் விரும்பிய சிலுவையை நடக்கூட அரசு விடவில்லை என்று வருந்தியதில் நியாயம் இல்லாமலில்லை. இறப்பில் சமத்துவம் என்பது துயரத்தின் தனியுரிமையைப் பறித்தே நிறுவப்பட்டது. அடையாளம் தெரியாத உடல்களுக்கான கல்லில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு, ஆணையத்தின் இலக்கிய ஆலோசகராயிருந்த ரட்யார்ட் கிப்ளிங், இவர் இறைவனால் அறியப்பட்டவர் என்னும் பொருள்படும் சொற்களைத் தந்தார். அவருடைய ஒரே மகன் 1915-இல் லூஸ் களத்தில் காணாமற்போயிருந்தான். அந்தச் சொற்களில் ஓர் இறையியல் உட்கருத்து உண்டு: அரசின் பதிவேடு தோற்ற இடத்தில் இறைவனின் பதிவேடு தொடர்கிறது, ஆகவே எந்த மனிதரும் முழுமையாகத் தொலைவதில்லை.

இந்த இடத்தில் மூன்று வகை இழப்புகளைப் பிரித்துக் காண வேண்டும். உடல் இருந்து பெயர் தொலைந்தது ஒன்று; கிப்ளிங்கின் சொற்கள் அவருக்குரியவை. பெயர் இருந்து உடல் தொலைந்தது மற்றொன்று. மெனின் வாயில் அவருக்குரியது. பெயர் அலுவலகத்தின் பட்டியலில் இருந்தும் கல்லில் எழுதப்படாமல் விடப்பட்டது மூன்றாவது. ஈராக்கின் பாசுரா நினைவகம், 1914 முதல் 1921 வரை மெசபொத்தேமியாவில் மடிந்து கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எழுப்பப்பட்டது. அங்கே பிரிட்டிஷ் வீரர்கள் அனைவரும், இந்தியர்களுள் அதிகாரிகளும் மட்டுமே பெயரால் பொறிக்கப்பட்டனர். சிப்பாய், நாயக், ஹவில்தார் ஆகிய நிலைகளில் இருந்த இந்தியர்கள் படைப்பிரிவுவாரியாக இத்தனை பேர் என்ற எண்ணிக்கையாக நின்றனர். இதே ஆணையம் பிரான்சின் நெவ் ஷாப்பெல் ஊரில் 1927-இல் திறந்த இந்திய நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களைச் சிப்பாய்களும் தொழிலாளர்களும் உட்பட பெயரால் பொறித்திருக்கிறது. ஐரோப்பியர் வந்து பார்க்கும் இடத்தில் சமத்துவம், பாலைவனத்தில் எண்ணிக்கை என்று இதைப் படிப்பது கடுமையாகத் தோன்றினாலும் தவறாகத் தோன்றவில்லை. ஆணையமே அமைத்த குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிய, ஆப்பிரிக்க மக்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் கண்டது. ஆணையமும் பிரிட்டிஷ் அரசும் அதற்கு மன்னிப்புக் கோரின. கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாசா, நைரோபி, தார் எஸ் சலாம் ஆகிய நகரங்களில் ஆப்பிரிக்கப் படைவீரருக்கும் சுமைதூக்கிகளுக்கும் சிலைகள் உண்டு, பெயர்கள் இல்லை.

சிப்பாயைத் தேடும் கடமையின் ஊற்று இந்த மூன்றாம் வகையில்தான் இருக்கிறது. முதல் இரண்டும் போரின் விளைவுகள். குண்டும் சேறும் செய்தவை. மூன்றாவது, எழுத்தர் ஒருவர் மேசையில் அமர்ந்து, முடியும் என்ற நிலையிலேயே செய்யாமல் விட்டது. இங்கு இறந்தவர் உணர்கிறாரா என்ற எபிகூரஸின் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது, ஏனெனில் கடன் ஏற்பட்டது அவருடைய உணர்வால் அன்று, ஒவ்வொருவரையும் பெயரால் நினைப்போம் என்று ஓர் அரசு கொடுத்த வாக்கால். வாக்கைப் பெற்றவர் மறைந்துவிட்டார் என்பது கடன்பட்டவரை விடுவிப்பதில்லை.

அவ்வாறு தேடப் புகுந்தவர் கையில் கிடைப்பது என்ன? போரில் பணியாற்றிய ஏறத்தாழ 13 இலட்சம் இந்தியருள் சுமார் 74,000 பேர் மடிந்தனர். அவர்களுள் ஒருவரைப் பற்றி ஆணையத்தின் பதிவேட்டில் பெரும்பாலும் இருப்பது பெயர், எண், படைப்பிரிவு, இறந்த நாள், சில வேளைகளில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும். படைப்பிரிவின் போர் நாட்குறிப்பில், அதாவது அன்றாட நிகழ்வுகளை அதிகாரி குறித்துவைத்த ஏட்டில், அதிகாரிகள் பெயரோடு வருவார்கள். மற்றவர்கள் இத்தனை பேர் மடிந்தனர், இத்தனை பேர் காயம் என்று வருவார்கள். பெயரும் ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. குடும்பப்பெயர் வழக்கமே இல்லாத தமிழ்ச் சிப்பாய்கள் பணியாற்றிய சென்னைச் சாப்பர்ஸ் போன்ற பிரிவுகளில் முனுசாமி, இராமசாமி போன்ற ஒரே பெயர்கள் பலமுறை வருவதால், எண்ணே அவர்களுள் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டியது; பெயரை மீட்டுவிட்டால் மனிதரை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இது ஓர் எச்சரிக்கை. பஞ்சாபில் போர் முடிந்ததும் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்டு இலாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகள், ஏறக்குறைய 3,20,000 பேரின் விவரங்களோடு அண்மையில்தான் வெளிச்சத்திற்கு வந்தன. மற்ற பகுதிகளில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவருள் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லும் கல்வெட்டுப் பலகைகள் பல ஊர்களில் இருக்கின்றன. சொந்த ஊரிலும் எண்ணே நின்றது.

சிப்பாயின் குரல் கடிதங்களில் கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் அனுப்பிய கடிதங்களின் பகுதிகள் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைகளில் பாதுகாக்கப்பட்டுள்ளன. டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1999-இல் வெளியானது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய் சொல்ல, தெரிந்த ஒருவர் எழுத, அதைத் தணிக்கையாளர் வேண்டிய அளவுக்கு வெட்டி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, மூலம் பெரும்பாலும் கையை விட்டுப் போக, மொழிபெயர்ப்பே எஞ்சியது. தம் கடிதம் பிறரால் படிக்கப்படும் என்று சிப்பாய்க்கும் தெரிந்திருந்ததால் அவர் மறைபொருளாகவும் பேசினார். இத்தனை கைகளைத் தாண்டி வந்ததை அவருடைய குரல் என்று கொள்வதில் உள்ள தயக்கம், மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நடந்த பௌத்த உரையாடலை நினைவூட்டுகிறது: சக்கரமோ அச்சோ நுகமோ தேரல்ல, இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பதுபோல, நாகசேனர் என்பதும் உறுப்புகளையும் உணர்வுகளையும் சார்ந்து வழங்கும் ஒரு குறியே என்பது அங்கு விடை. அடையாளத் தகடு, ஊதியக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு, கடிதத்தின் இரண்டு வரி ஆகியவற்றை அடுக்கி வைப்பவர் தேரின் உறுப்புகளையே அடுக்குகிறார். அவற்றுக்குப் பின்னால் நிலைத்த ஒருவர் இருந்தாரா என்பதில் பௌத்தரும் மற்றவரும் வேறுபடலாம். இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்பிவிட்டால் எழுவது இலையால் செய்த மனிதனே என்பதில் வேறுபட இடமில்லை.

அந்தக் கற்பனைக்கான ஈர்ப்பு வலியது. வறுமைக்காகச் சேர்ந்தவரை நாட்டுக்காகச் சேர்ந்தவராக்குவதும், வயிற்றுப்போக்காலும் வெப்பத்தாலும் மடிந்தவரைக் களத்தில் வீழ்ந்தவராக்குவதும், சில வேளைகளில் ஓடிப்போனவரை மறைப்பதும் தேடுவோரின் அன்பிலிருந்தே பிறக்கின்றன. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் இறங்கிய படையில் 63-ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தது; அப்போரில் அப்பிரிவினர் நிலைகுலைந்து பின்வாங்கினர் என்பது வரலாறு. போதிய பயிற்சியின்றி, நெடுங்கடல் பயணத்தில் நலிந்து, அறியாத கரையில் இறக்கப்பட்டவர்களுள் ஒருவரைத் தேடுவோர் அவருக்கு வீரப்பட்டம் சூட்டினால், அன்று அவர் உணர்ந்த அச்சத்தை அவரிடமிருந்து பறித்துவிடுகிறார்கள். அந்த அச்சமும் அவருடைய வாழ்வின் பகுதிதான்.

தமிழ் நடுகல் மரபு இதில் ஒரு சிக்கனத்தைக் காட்டுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட, கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தனவாகக் கணிக்கப்படும் நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் மடிந்த பேடு தீயன் அந்தவன் என்பவரின் கல் என்பதை ஒருசில சொற்களில் சொல்லி நின்றுவிடுகிறது. மாடு பிடிக்கும் சண்டையில் மடிந்த அவர் மன்னரல்லர். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் படிநிலைகளை வகுக்கிறது. அந்தக் கல் வெறும் நினைவுச்சின்னமாகாமல் இறந்தவர் உறையும் இடமாகவே வழிபடப்பட்டது. நல்லவரா கெட்டவரா, ஏன் போனார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பெயர், ஊர், நிகழ்வு ஆகிய மூன்றும் போதுமென்று அதை நட்டவர்கள் கருதினார்கள்.

பெயர் கிடைத்துவிடும்போது நேர்வதும் எண்ணிப் பார்க்கத் தக்கது. வியட்நாம் போரில் மடிந்த பெயர் தெரியாத அமெரிக்கர் ஒருவர் 1984-இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அறியப்படாதோர் நினைவிடத்தில் வைக்கப்பட்டார். பெயரின்மையே அவரை எல்லோருக்கும் உரியவராக்கியது. காணாமற்போன மகனை எண்ணி வந்த ஒவ்வொரு தாயும் அவர் தம் மகனாக இருக்கலாம் என்று நினைக்க இடமிருந்தது. 1998-இல் அவருடைய எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு, தாய்வழி மரபணுச் சோதனையால் அவர் 1972-இல் அன் லோக் அருகே விமானம் வீழ்த்தப்பட்ட மைக்கேல் பிளாசி என்ற விமானப்படை அதிகாரி என்று உறுதியாயிற்று. குடும்பத்தினர் அவரைத் தம் ஊருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர். ஒரு நாடு பொதுவில் வணங்கிய ஒருவரை ஒரு குடும்பம் திரும்பப் பெற்றதை இழப்பு என்று எவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவர் இருந்த இடத்தில் வேறொரு பெயரற்றவரை வைக்கவும் இல்லை. ஆர்லிங்டனில் வியட்நாமுக்குரிய அந்த அறை இன்றும் காலியாக இருக்கிறது.